பேச்சியக்காவின் நூற்றுப்பதினெட்டாவது ஆள்

போன வருடக் கடைசியில் எங்கள் கம்பனியின் சஞ்சிகைக்காரர்கள் பேச்சியம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பக்கத்து மேசையில் இருப்பவன் நான், தமிழும் இங்கிலீசும் தெரிந்தவன், எனவே என்னிடம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அவர் போனைப் பிடித்துச் சிரிக்கிற படத்தோடு பளபளப்புத் தாளில் அச்சடித்தார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை எழுதி முடிக்கும்வரை எனக்கு வயிறு எரிந்தது என்பதை அங்கே எழுத முடியாது. இங்கே எழுதலாம்.

பேச்சியம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து ஏறினால் வரும் ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஒன்பதாம் நம்பர் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டார். பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனார். இருபத்தொன்றில் இராமையாவைக் கட்டினார். முப்பது வயதில் பிள்ளைகளை இராமையாவிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், ஆறு வருடம் இருந்துவிட்டு வந்து, மறுபடியும் அதே மலையில் அதே கூடையைத் தூக்கினார். பெண்களையும் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி ஆக்கலாம் என்று கம்பனிக்கு ஞானம் பிறந்தபோது, எங்கள் பிரிவில் முதல் பெண் கங்காணி ஆனவர் அவர்தான்.

நானும் அதே லயத்தில் மூன்று வீடு தள்ளிப் பிறந்தவன். பெயர் நிரஞ்சன். உயர்தரம் சித்தியடைந்து, ஹட்டனில் கம்பியூட்டர் டிப்ளோமா முடித்து, தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். என் அம்மா லெட்சுமி இன்னும் மலையில்தான், பேச்சியம்மாவின் கொழுந்துக் கூட்டத்தில். மற்றக் கங்காணிகள் எல்லாம் ஆபீசுக்கு வந்தால் என்னை 'கிளாக்கரையா' என்பார்கள். பேச்சியம்மா மட்டும் தோட்ட மனேஜர் பெரியதொரைக்கு முன்னாலேயே 'தம்பி' என்பார். அது எனக்குப் பிடிக்காது. பதிலுக்கு நானும் 'பேச்சியக்கா' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. ஆள் வரவும் எடையும் எழுதுகிற செக்ரோல் புத்தகம் இனிக் கிடையாது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுப் புள்ளி போடுவதும் கிடையாது. ஒவ்வொரு ஆளின் முகத்தையும் கம்பனிச் செயலி ஏற்றிய போனில் காட்டினால் ஆள் வந்ததாக அதுவே பதிந்துகொள்ளும். கொழுந்து நிறுக்கிற தராசும் போனோடு பேசும், எடை தானாக ஆளின் பெயரில் ஏறும். இதையெல்லாம் ஊசிப்பாறையில் நடத்திக்காட்டும் பொறுப்பு எனக்கு. நன்றாக நடந்தால் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து ஐந்து தோட்டங்களுக்கும் ஒரு பொறுப்பாளர் போடப்போவதாகவும், தலவாக்கலை ஆபீசில் அவருக்குத் தனி மேசை என்றும் பேச்சு. அந்த மேசை எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மூன்று வருடமாக இந்த மலையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததே அப்படி ஒரு கதவு திறக்கும் என்றுதான்.

முதல் வேலை, கீழ்ப்பிரிவின் நூற்றுப்பதினேழு பேரின் படத்தையும் போனில் ஏற்றுவது. ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் வரச் சொன்னேன். "போட்டோ எடுக்கிறோம்" என்று பிரிவு முழுக்கச் சொல்லி அனுப்பினேன். அங்கேதான் கோட்டைவிட்டேன், ஆனால் அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

போட்டோ என்றால் எங்கள் சனம் சும்மா வருமா? கலியாண வீட்டுக்கு வந்ததுபோல் வந்தார்கள். பட்டுச் சேலை, தலையில் பூ, முகத்தில் ஒரு அங்குலப் பவுடர். அயல்வீட்டில் இரவல் வாங்கிய சங்கிலி ஒன்றே ஏழு கழுத்துக்கு மாறியது. என் அம்மா நெற்றியில் நாணயம் அளவுக்குப் பொட்டு வைத்திருந்தார். நான் ரசித்து ரசித்துப் படம் எடுத்தேன். நூற்றுப்பதினேழு அழகான படங்கள்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. பெரட்டுக்களத்தில் எதிரே நிற்பவர் தெரியாத பனி. தலையில் துணி, அதற்கு மேல் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, குளிரில் உறைந்த முகங்கள். போனை நீட்டினேன். 'ஆள் அடையாளம் தெரியவில்லை' என்றது. அடுத்தவர். 'ஆள் அடையாளம் தெரியவில்லை'. அன்றைக்கு முப்பத்தொரு பேரைத்தான் அதற்கு அடையாளம் தெரிந்தது. மிச்சப் பேரிடம் தலைத்துணியைக் கழற்றுங்கள், முகத்தைத் துடையுங்கள், சிரியுங்கள், சிரிக்காதீர்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போக ஒரு மணி நேரம் பிந்தியது. ஆறு வாரம் இதே கூத்துத்தான். போன் கமெரா மட்டமானது என்று கொழும்புக்கு மூன்று ஈமெயில் அனுப்பினேன்.

ஏழாவது வாரம் பெரியதொரையே பெரட்டுக்கு வந்து ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். அவர் சிங்களவர், தோட்டத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். அந்த நேரம் பார்த்து என் அம்மாவின் முறை வந்தது. நான்கு தடவை காட்டினேன், நான்கு தடவையும் தெரியவில்லை என்றது. அம்மா தூறலில் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றார். பேச்சியக்கா கிட்டே வந்து, என் கையிலிருந்த போனில் அம்மாவின் படத்தை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் போட்டோவுல இருக்குற லெட்சுமிய நானே இத்தன வருசமா தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். போனு என்னா பண்ணும், பாவம்!"

களம் முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். தொரை ஜீப்பைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, "அப்ப நீ செஞ்சு காட்டு, பேச்சியம்மா" என்றார். என் கையிலிருந்த போன் பேச்சியக்கா கைக்குப் போனது. நூற்றுப்பதினேழு பேருக்கு முன்னால் என் மூக்கு உடைந்தது.

அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அடுத்த நாள் காலை அதே பனியில், அதே தலைத்துணியோடும் கூடைக் கயிறோடும் ஆளாளாக நிறுத்திப் புதுப் படம் எடுத்தார். எடுத்த ஒவ்வொரு படத்தையும் அந்தந்த ஆளிடம் காட்டி, "இது நீதானா? ஒத்துக்கிறியா?" என்று கேட்டார். ஒத்துக்கொண்ட பிறகுதான் ஏற்றினார். அந்த வார முடிவில் நூற்றுப்பதினேழு பேரையும் போனுக்குத் தெரிந்தது. சனம் குளிரில் நிற்கிற நேரம் கால் மணியாகக் குறைந்தது.

தராசு விசயத்திலும் அப்படித்தான். நான் நடத்தியபோது எடை நேரே கொழும்புக்குப் போகும், பறித்தவளுக்கு எதுவும் தெரியாது. அதனால் போன் எடையைத் தின்கிறது என்று ஒரு கதை கிளம்பி, பாதிப் பேர் தராசுக்கே வர மறுத்தார்கள். பேச்சியக்கா ஒவ்வொரு நிறுவைக்கும் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு கையாலும் போனைப் பிடித்து, கோயிலில் திருநீற்றுத் தட்டு நீட்டுவதுபோல் நீட்டுவார். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"குவைத்துல நான் வேல செஞ்ச வீட்ல எல்லா ரூம்லயும் கமெரா இருந்துச்சு தம்பி. மேடம் எங்க போனாலும் போன்ல என்னயப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. நான் ஒக்காந்தா கால் பண்ணுவாங்க. ஆறு வருசம் அந்தப் போனுக்குள்ள இருந்தேன், ஒரு நாளாவது அதுல நான் எப்புடித் தெரியிறேன்னு எனக்குக் காட்டுனதில்ல. நம்மளப் பாக்குற சாமானத்த நாமளும் பாக்கணும்ல?"

இதை எந்த டிப்ளோமாவிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதைக் கேட்டபோது மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். வீட்டுக்குப் போனால் அம்மா வேறு. "பேச்சி இன்னைக்கு எனக்குப் பத்தொம்பது கிலோ காட்டுனா" என்பார். "பேச்சி எடுத்த போட்டோ நல்லாருக்குடா, நீயும் எடுத்தியே" என்பார். என் சோற்றில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். தலவாக்கலை மேசைக்குத் தொரை இரண்டு பெயர்களை அனுப்பியிருக்கிறார் என்ற செய்தியும் அந்த வாரம்தான் வந்தது. ஒன்று என் பெயர். மற்றது யார் பெயர் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படிப் புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் நூற்றுப்பதினெட்டாவது ஆள் வந்தார்.

எங்கள் பக்கத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்ந்திருந்த மலையில் மறுபடி கொழுந்தெடுக்கும் முதல் நாள் கொழுந்துச்சாமிக்குப் பூசை போடுவோம். சாமி என்றால் கோபுரம் கீபுரம் கிடையாது. மலை வளைவில் ஒரு கல், அதற்கு மஞ்சள், குங்குமம், இரண்டு வெள்ளிக் கண். அன்றைக்குப் பறிக்கிற முதல் கைப்பிடியை ஒவ்வொருத்தியும் சாமி முன்னால் போட வேண்டும். அது குவியும். பூசை முடிந்ததும் அந்தக் குவியலைத் தனியாக நிறுத்து மற்றக் கொழுந்தோடு பெக்டரிக்கு அனுப்புவோம். செக்ரோலில் ஆட்களின் பெயரெல்லாம் முடிந்த பிறகு, கடைசிக் கோட்டில் 'சாமிக்கொழுந்து' என்று அந்த எடையை எழுதுவது வழக்கம். நான் ஆபீசுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்தக் கோடு இருக்கிறது.

போனுக்கு அந்தக் கோடு தெரியாது. காரணம் நான்தான். புத்தகத்தில் என்னென்ன கோடுகள் இருக்கின்றன என்று கம்பனிக்காரர்கள் பட்டியல் கேட்டபோது, கடைசிக் கோட்டை மட்டும் விட்டுவிட்டேன். சாமிக்கு ஒரு கோடா என்று கொழும்புப் பொடியன்கள் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன்.

பூசை நாளில் குவியலைத் தராசில் வைத்தால், யார் பெயரில் என்று போன் கேட்டது. பெயரில்லாமல் ஏற்ற மாட்டேன் என்றது. ஒருத்தியின் பெயரில் போட்டால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? அதுவும் சாமியுடையது. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. பேச்சியக்கா யோசித்துவிட்டு, போனில் புது ஆள் சேர்க்கிற இடத்தைத் திறந்தார். பெயர், கொழுந்துச்சாமி. ஆண். படத்துக்குக் கல்லின் முன் போனை நீட்டினார். அந்த வெள்ளிக் கண்களைப் பார்த்து, என் அம்மாவின் முகத்தை ஆறு வாரம் தெரியாது என்று அடம்பிடித்த அதே போன், ஒரே தடவையில் 'ஆள் பதியப்பட்டார்' என்றது.

மாலையில் ஆபீசிலிருந்து, செயலி இருந்த என் சொந்தப் போனில் பட்டியலைப் பார்த்தேன். நூற்றுப்பதினெட்டு. திறந்து பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வேறொன்று வந்தது. தோட்டத்தில் இல்லாத ஆளை இருப்பதாகப் பதிவதுபோல் பெரிய குற்றம் எதுவும் கிடையாது. அதற்காகக் கங்காணி வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டாயா என்று வாய்விட்டே சொன்னேன்.

கம்பனியின் முறைப்பாட்டுப் பெட்டி அதே செயலியில் இருக்கிறது. பெயர் சொல்லாமலும் எழுதலாம். இங்கிலீசில் நான்கு வரி எழுதினேன். கீழ்ப்பிரிவில் அடையாள அட்டை இலக்கம் இல்லாத ஓர் ஆள் பதியப்பட்டிருக்கிறார், பதிந்தவர் கங்காணி பேச்சியம்மா, விசாரிக்கவும். சாமி என்று எழுதவில்லை, கல் என்றும் எழுதவில்லை. எழுதியதில் எந்தச் சொல்லும் பொய்யில்லை. அனுப்பிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

பத்து நாளில் கொழும்பிலிருந்து றோலண்ட் சேர் வந்தார். இந்தச் செயலிக்கெல்லாம் பொறுப்பானவர், ஹட்டன் டவுனில் பிறந்தவர், எனவே தமிழ்தான். பகல் நிறுவை நேரம். பெண்கள் எல்லாரும் கொழுந்து மடுவக் கொட்டகையில் வரிசையில் நின்றார்கள். தொரையின் முகம் இருண்டிருந்தது. விளக்கம் ஏதும் தேவைப்பட்டால் சொல்வதற்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள்.

"நூத்திப் பதினெட்டாம் நம்பர் ஆளை வரச் சொல்லுங்க" என்றார் றோலண்ட் சேர்.

"அவரு வரமாட்டாருங்க சேர்" என்றார் பேச்சியக்கா. "நாமதான் போகணும்."

எல்லாரும் வளைவுக்கு ஏறினோம். கல்லைப் பார்த்ததும் றோலண்ட் சேர் கையிலிருந்த படத்தையும் ஒரு தடவை பார்த்தார். கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர், சப்பாத்தைக் கழற்றினார். பேச்சியக்கா நடந்ததை நடந்தபடி சொன்னார். பழைய செக்ரோலை ஆபீசிலிருந்து எடுத்துவரச் செய்து கடைசிக் கோட்டைக் காட்டினார்.

"கேக்காமச் செஞ்சது என் தப்புதாங்க சேர். லொறி நின்னுச்சு, செஞ்சுட்டேன். ஆனா சாமியோட கொழுந்த எவ பேர்லயும் போட எனக்கு மனசு வரல."

"இந்தக் கோடு ஏன் எங்களுக்கு வந்த பட்டியல்ல இல்ல?" என்று கேட்டார் றோலண்ட் சேர்.

தொரை என்னைத் திரும்பிப் பார்த்தார். "விடுபட்டிருக்கும் சேர்" என்றேன்.

றோலண்ட் சேர் தலையை ஆட்டினார். மற்ற நான்கு தோட்டங்களிலும் இப்படிக் கோடுகள் விடுபட்டிருக்குமே, அதுதான் அங்கே எடை பொருந்தாமல் மண்டை காய்கிறோம் போலிருக்கிறது என்று தொரையிடம் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "முறைப்பாடு எழுதினது யாருன்னு எங்களுக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் கவனமாப் பார்த்திருக்கிறார்" என்றார்.

பேச்சியக்கா கல்லின் மேல் விழுந்திருந்த ஓர் இலையை எடுத்துப் போட்டார்.

"இந்தத் தோட்டத்துல இந்த லிஸ்ட்டு ரெண்டு போன்லதாங்க சேர் தெரியும்" என்றார். "ஒண்ணு என்னோடது."

அவ்வளவுதான் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. பார்த்தவர் என் அம்மா. பெண்களுக்குள் மூன்றாவதாக நின்றவர், என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைக்கு இறங்கிவிட்டார். அன்றைக்கு வீட்டில் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். நான்காம் நாள்தான் வாய் திறந்தார்.

"பேச்சிக்கு ஒரு சாண் எடம் கெடைக்கிறது ஒனக்கு ஏன்டா ஆகல? நானும் அவளும் ஒரே நெரையில பதினாறு வருசம் கொழுந்து பறிச்சவங்கடா."

பொறாமை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஆனால் பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது?

அடுத்த மாதமே செயலியில் 'பொதுக் கொழுந்து' என்று ஒரு கோடு சேர்ந்தது. தலவாக்கலை மேசை பேச்சியக்காவுக்குப் போனது. அவரைக் கீழே தள்ள நான் எழுதிய நான்கு வரிதான் றோலண்ட் சேரை மலைக்கு அழைத்துவந்து, பேச்சியக்கா எப்படிப்பட்ட ஆள் என்று காட்டிவிட்டது. நான் எழுதியது புகாரா, பரிந்துரைக் கடிதமா என்று நினைத்து நினைத்து எரிந்தேன்.

பிறகு ஒரு நாள் தொரை கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றுதான் போனேன். பேச்சியக்கா தொரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பேச்சியம்மா தலவாக்கலைக்கு ஒரு ஆள் கேக்குது. ஒன்னத்தான் கேக்குது" என்றார் தொரை. "ஏன்னு எனக்கும் வெளங்கல. நீயே கேளு."

பேச்சியக்காவே சொன்னார்.

"தம்பி படிச்சவரு, இங்கிலீசு எழுதுவாரு. ஆனா நான் அதுக்காகக் கேக்கலீங்க தொர. அஞ்சு தோட்டத்து வேல, எனக்குத் தெரியாம எவ்வளவோ தப்பு வரும். சுத்தி இருக்குறவங்க எல்லாம் அக்கா அக்கான்னு ஆமாம் போடுவாங்க. நான் எங்க சறுக்குவேன்னு கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்குற ஆளு, தம்பியத் தவுத்து எனக்கு யாரு இருக்கா?"

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. தராசுத் திரையைத் திருப்பிக் காட்டும்போது இருக்கிற அதே முகம்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தலவாக்கலை ஆபீசைத் தவிர எனக்குப் போக இடமில்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

பதினொரு மாதமாக அவர் பக்கத்து மேசையில் இருக்கிறேன். காலையில் போனதும் முதல் வேலையாக, முதல் நாள் அவர் பதிந்ததையெல்லாம் வரி வரியாகத் துருவுவேன். இதுவரை பதினான்கு பிழைகள் கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் கிடைக்கும்போது எனக்குள் ஒரு குதியாட்டம். அடக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைப்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, அங்கேயே திருத்திவிட்டு, "நல்ல வேள தம்பி, நீங்க இருந்தீங்க" என்பார். மனதாரத்தான் சொல்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.